முழங்கால் போட்டவங்க சும்மா இருக்கல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தாரு, கஷ்டம் வந்தா உடனே சர்ச்சுக்கும் கோவிலுக்கும் ஓடறது சோம்பேறித்தனம், கையைக் கட்டிக்கிட்டு வானத்தைப் பாத்துக்கிட்டு இருந்தா யாரு வந்து சோறு போடுவான்னு. படிச்சதும் கோவம்தான் வந்துது, பொறவு சிரிப்பு வந்துது, ஏன்னா அந்தப் பேப்பரை திண்ணையில விரிச்சு அதுக்கு மேலதான் எங்க வீட்டுக்காரருக்க மாத்திரையை காலைக்கு இத்தனை ராத்திரிக்கு இத்தனைன்னு பிரிச்சு வச்சுக்கிட்டு இருந்தேன். மாத்திரையை எடுத்தா கீழ இந்தக் கடிதம். சரி, பதில் எழுதிடுவோம்னு உக்காந்துட்டேன். நான் படிச்சது பத்தாம் கிளாஸ், எழுத்துப்பிழை நிறைய வரும், பொறுத்துக்கிடுங்க.

நாங்க குலசேகரம் பக்கம். மரத்துப் பட்டையைச் சீவி பால் எடுக்கற ரப்பர் வெட்டுதான் தொழில். சொந்தமா 60 சென்ட், அதுல நூத்தி சொச்சம் மரம், மீதி பக்கத்துத் தோட்டத்து மரத்தை கூலிக்கு வெட்டறது, எல்லாம் சேத்து 300 மரம் வரும். 2023 டிசம்பர் வரைக்கும் வெட்டு எங்க வீட்டுக்காரருதான். நான் எட்டு மணிக்கு பக்கெட்டும் கொண்டு போய் சிரட்டையில, அதான் கொட்டாங்கச்சியில, விழுந்த பாலை எடுத்து, டிஷ்ல ஊத்தி ஆசிட் கலக்கி, ஷீட் அடிச்சு காயப்போடறது. டிசம்பர்னா பனி விழுற மாசம், பால் நல்லா வடியும், வருசத்துக்க பைசாவை அப்பதான் பாக்க முடியும்.

அன்னைக்கு விடியக்காலம் மூணரைக்கு ஹெட்லைட் கட்டிக்கிட்டு போனாரு. எனக்கு என்னமோ உறக்கம் வரல்ல, அஞ்சே கால் இருக்கும், கட்டஞ்சாயா போட்டு எடுத்துக்கிட்டு போறேன், ஓடைக்கு அங்கோட்டு லைட் தரையில கெடந்து எரியுது. மரத்து மூட்டுல சாஞ்சு கெடக்காரு. வாய் ஒரு பக்கம் கோணிப் போச்சு, வலது கை தொங்குது, ஆனா கத்தியை மட்டும் விடல்ல. சுத்தி வெட்டின மரத்துல எல்லாம் பால் சொட்டிக்கிட்டு இருக்கு, டொக்கு டொக்குன்னு அந்தச் சத்தம் இப்பவும் எனக்க காதுல கேக்கும். நான் ஜெபம் பண்ணினேனான்னு கேட்டா, இல்ல. யேசப்பான்னு ஒரு வார்த்தை வந்துது, அதுக்கு மேல ஒண்ணும் வரல்ல, ஆட்டோவுல போறப்பவும் ஆம்புலன்ஸ்ல களியக்காவிளை செக்போஸ்ட் தாண்டறப்பவும் அந்த ஒரு வார்த்தைதான், எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. சின்ன வயசுல இருந்து சண்டே ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணின வசனம் ஒண்ணு கூட அப்ப வாயில வரல்ல.

திருவனந்தபுரத்துல ஒரு பெரிய ஆசுபத்திரி. போனதும் டாக்டர் கேட்ட மொத கேள்வி, எப்போ தொடங்கிச்சு? எனக்கு எப்படித் தெரியும், நான் உறக்கத்துல இல்லியா இருந்தேன். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி ஒண்ணு இருக்கு, நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், நேரம் தெரியாம போட்டா ஆபத்துன்னு சொல்றாரு. அப்பதான் எனக்கு மரக்கணக்கு ஓடிச்சு. மூணரைக்கு வெட்டத் தொடங்கினா ஒரு மணிக்கூர்ல நூறு மரம் போவாரு, அவரு கெடந்தது ஓடைக்கு அங்கோட்டு வரிசை, அது ஏறக்குறைய தொண்ணூறாவது மரம், அப்போ நாலே கால், நாலரை வரைக்கும் ஆளு நல்லா வெட்டியிருக்காரு டாக்டர்னு சொன்னேன். அந்த டாக்டர் பிள்ளை என்னை ஒரு பார்வை பாத்துது, நர்சுகிட்ட மலையாளத்துல என்னமோ சொல்லிச்சு, ஸ்கேன் எடுத்தாங்க, ஊசி போட்டாங்க. மணி எட்டு ஆகல்ல.

அந்தக் கணக்கு கர்த்தர் தந்ததா, 20 வருசமா அந்தத் தோட்டத்துல நடந்த எனக்க கால் தந்ததான்னு கேட்டா எனக்கு பிரிச்சுச் சொல்லத் தெரியாது. பிரிக்கணும்னும் தோணல்ல.

ஐசியூவுக்கு வெளிய வராந்தாவுல நோயாளிக்கு துணைக்கு நிக்கிற பைஸ்டாண்டர்மாருக்கு ஒரு பாயைப் போட்டு படுக்க விடுவாங்க, ஒன்பது நாள் அங்கதான் கெடந்தேன். எனக்கு இந்தப் பக்கம் பூவார்ல இருந்து வந்த ஒரு அம்மச்சி, கையில கொந்தை, அதான் ஜெபமாலை. அந்தப் பக்கம் நெய்யாற்றின்கரையில இருந்து ஒரு முஸ்லிம் உம்மா. ராத்திரி பத்து மணிக்கு லைட்டைக் குறைச்ச பொறவு மூணு பேரும் அவங்கவங்க பாட்டுக்கு முணுமுணுப்போம். நான் பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவேன்னு தொடங்க, அம்மச்சி மலையாளத்துல ஸ்வர்க்கஸ்தனாய ஞங்ஙளுடெ பிதாவேன்னு தொடங்க, ஒரே ஜெபம் ரெண்டு பாஷையில, அவங்க வேகம், நான் பின்னால ஓடி ஓடிப் போவேன், ஆமென் மட்டும் சில நாள் ஒண்ணா வந்து விழும். மூணாம் நாள் அந்த உம்மாவுக்க மவன் கண்ணு தொறந்தான். ஆறாம் நாள் அம்மச்சிக்க வீட்டுக்காரரு இறந்து போனாரு. பாயைச் சுருட்டிக்கிட்டு போறப்ப கொந்தையை சுருட்டி எனக்க கையில வச்சுட்டுப் போனாங்க, நாங்க சிஎஸ்ஐ, புரொட்டஸ்டன்ட் சபை, எங்களுக்கு அந்த வழக்கம் இல்ல, ஆனா வேண்டாம்னு சொல்ல மனசு வரல்ல. இப்பவும் அது எங்க வீட்டு வேதப்புஸ்தகத்துக்கு உள்ளதான் இருக்கு, சங்கீதம் புடிச்ச இடத்துல.

அம்மச்சிக்கு விசுவாசம் கம்மி, உம்மாவுக்கு ஜாஸ்தின்னு யாராவது சொன்னா நான் சும்மா விடமாட்டேன்.

ஆனா அப்படிச் சொல்ற ஆளுவ இருக்காங்க, அதையும் எழுதியே ஆகணும். கடிதம் எழுதின ஐயா ஒரு பக்கம்னா இவங்க மறுபக்கம். வீட்டுக்கு வந்து நாலு மாசம் இருக்கும், கைகால் கொஞ்சம் அசையுது, பேச்சு குழறுது. வீட்டுல பைசா இல்ல. பெப்ருவரியில இலை உதிர்ந்து வெட்டு நிக்கும், அது எல்லா வருசமும் உள்ளதுதான், ஆனா இந்தத் தடவை டிசம்பர் பாலும் போச்சே. மூணரை பவுன் அடகுக்குப் போச்சு, குழு லோன் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வந்து நிக்குது. அந்த நேரம் பாத்து ஒருத்தர் ஜெபம் பண்ண வந்தாரு, பேரு எந்த ஊரு எதுவும் இங்க வேண்டாம், நல்ல மனுசன்தான், அழுதுதான் ஜெபம் பண்ணினாரு, முடிச்சுட்டு மேசை மேல இருந்த மாத்திரையைப் பாத்து, கர்த்தர் சுகம் தந்தாச்சு சகோதரி, இன்னும் இதைக் கொடுத்தா அவிசுவாசம்னு சொல்லிட்டுப் போனாரு. நான் ஒரு மடச்சி, நிறுத்திட்டேன். பைசா இல்லாததும் ஒரு காரணம், அதை மறைக்கக் கூடாது, மாத்திரைக்கு பைசா இல்லங்கிற வெக்கத்துக்கு விசுவாசம்னு ஒரு சட்டை போட்டு விட்டேன்.

19 நாள். இருபதாம் நாள் காலையில தலை வெடிக்குதுன்னு சைகை காட்டறாரு, பக்கத்து கிளினிக்ல பாத்தா பிரஷர் 200க்கு மேல. அந்த சிஸ்டர் என்னை ஏசின ஏச்சு ஜென்மத்துக்கும் மறக்காது.

அதைவிட பெரிய ஏச்சு வீட்டுல இருந்துது, எனக்க மாமியார்கிட்ட. அவங்களுக்கு வயசு 80. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1ல தமிழ்நாட்டோட சேருறதுக்கு முன்ன பள்ளிக்கூடம் போனவங்க, அதனால எழுதப்படிக்க மலையாளம்தான், பேச்சும் ஜெபமும் தமிழு. அவங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மலையாள வேதப்புஸ்தகத்தை மடியில வச்சு ஏசாயா 38ஆம் அதிகாரத்தை எடுத்து எழுத்துக்கூட்டி தமிழுல எனக்குச் சொல்லிக் கேப்பிச்சாங்க. எசேக்கியா ராஜாவுக்கு சாகக்கெடக்கிற வியாதி. சுவரு பக்கம் திரும்பி அழுது ஜெபம் பண்ணினாரு. கர்த்தர் 15 வருசம் ஆயுசைக் கூட்டித் தந்தாச்சு. அப்படி வாக்கு கிட்டின பொறவும் ஏசாயா என்ன சொன்னாரு, அத்திப்பழத்தை அடை மாதிரி கொண்டுவந்து புண்ணு மேல பத்துப் போடுங்கன்னுதானே சொன்னாரு. "தீர்க்கதரிசிக்கே மருந்து வேணும், உனக்க பாஸ்டருக்கு வேண்டாமாக்கும்"னு கேட்டுட்டு புஸ்தகத்தைப் பட்டுன்னு மூடினாங்க. இத்தனை வருசம் சர்ச்சுக்குப் போறேன், அந்த வசனம் எனக்க கண்ணுல பட்டதே இல்ல. அவங்க சொன்னதுக்கு மேல நான் சேக்க ஒண்ணும் இல்ல, லூக்கா சுவிசேஷம் எழுதின லூக்காவையும் பவுல் பிரியமான வைத்தியன்னுதான் கூப்புடுறாரு, அதை மட்டும் சொல்லி வைக்கேன்.

எங்க மாவட்டத்துல இது தெரியாம இருக்கிறதுதான் ஆச்சரியம். நெய்யூர் ஆசுபத்திரி 1838ல தொடங்கினது, தொடங்கினது எல்எம்எஸ், அதான் லண்டன் மிஷனரி சங்கத்து மிஷனரிமாரு. எவரெஸ்ட் மலை ஏற 1922ல வந்த கூட்டத்துல ஒரு சர்ஜன், சாமர்வெல்னு பேரு, மலை முடிச்சு ஊரு சுத்திப் பாக்க வந்தவரு நெய்யூர்ல நோயாளிக்க கூட்டத்தைப் பாத்துட்டு, பெரிய வேலை எல்லாம் விட்டுட்டு இங்கேயே வந்து வருசக்கணக்கா கத்தி புடிச்சாரு. எங்க தாத்தா தலைமுறை ஆளுவ அவரு பேரைச் சொல்றப்பவே கையைக் கூப்புவாங்க. ஜெபத்தை இந்த மண்ணுக்கு கொண்டு வந்த கையில மருந்துப் பெட்டியும் இருந்துது. இடையில எங்க வச்சு அது ரெண்டும் பிரிஞ்சுதுன்னு தெரியல்ல.

சரி, அந்த 19 நாளுக்குப் பொறவு எனக்கு ஜெபமே வரல்ல. கர்த்தர் மேல கோவம், என்மேல அதைவிடக் கோவம். சர்ச்சுக்குப் போனா பாட்டு தொண்டையில நிக்கும். எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லுங்கன்னா நான் குனிஞ்சு சேலை நுனியைப் பாத்துக்கிட்டு இருப்பேன். அப்படி ஒரு மத்தியானம் கொந்தை வச்ச இடத்துல புஸ்தகம் தானா விரிஞ்சுது, சங்கீதம் 56. "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்"னு இருக்கு. துருத்தின்னா எனக்குத் தெரிஞ்சது கொல்லன் பட்டறையில காத்து ஊதற துருத்திதான், கண்ணீரை எதுக்கு அதுல ஊத்தணும், தீ இல்லியா அணைஞ்சு போவும்னு யோசிச்சேன், சத்தியமா அப்படித்தான் நெனைச்சேன். பெண்கள் ஐக்கியத்துல ஒரு டீச்சர்கிட்ட கேட்டப்ப சிரிச்சுட்டு சொன்னாங்க, அது தோல்பை, அந்தக் காலத்துல தண்ணியும் திராட்சரசமும் ஊத்தி வைக்கிறது. கண்ணீர் ஒண்ணும் தரையில போகாம சேத்து வையும்னு தாவீது கேக்காருன்னு. எனக்கு ஒடனே சிரட்டைதான் ஞாபகம் வந்துது. வெட்டின மரத்துக்குக் கீழ ஒரு சொட்டு கூட மண்ணுல போகாம இருக்க கம்பி கட்டி சிரட்டை வைக்கோம் இல்லியா, ராத்திரி விழுந்தது, பட்டையில ஒட்டிக் காய்ஞ்சது, ஒட்டுப்பாலு, அதைக்கூட உரிச்சு எடுத்து எடை போட்டு விக்கோம் இல்லியா. ஒரு ரப்பர் வெட்டுக்காரிக்கு இதைவிட வெளக்கமா யாரு சொல்லித் தரமுடியும். அன்னைக்குத்தான் அழுதேன், டிசம்பர்ல இருந்து அழாத அழுகை.

அதுக்குப் பொறவுதான் சங்கீதத்தை வரிசையா வாசிச்சது. பாதிக்குப் பாதி புலம்பல், சண்டை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?"னு 13ஆம் சங்கீதம். 88ஆம் சங்கீதம் தொடங்கறதும் இருட்டு, முடியறதும் இருட்டு, கடைசியில ஒரு ஆறுதல் வரி கூட இல்ல, அதையும் எடுத்துப் போடாம உள்ள வச்சிருக்காங்க. கெத்செமனே தோட்டத்துல இயேசுவே மூணு தடவை கேக்காரு, இந்தப் பாத்திரம் நீங்கட்டும்னு. நீங்கல்ல. அவரு விசுவாசம் கம்மியா என்ன? சிலுவையில அவரு கூப்பிட்டதும் 22ஆம் சங்கீதத்து மொத வரிதானே, ஏன் என்னைக் கைவிட்டீர்னு. ஆக, கேட்டது கிட்டாதவங்களுக்கும் இந்தப் புஸ்தகத்துல எடம் இருக்கு. இதைப் பிரசங்கத்துல நான் அதிகம் கேட்டதில்ல.

வேதப்புஸ்தகத்துல, குத்தம் ஒண்ணும் பண்ணாம சொத்தும் பிள்ளைகளும் இழந்த யோபு கதையை எடுத்துக்கிடுங்க. எனக்க அம்மை வீடு நட்டாலம் பக்கம், தேவசகாயம் பிள்ளை பொறந்த ஊரு. 2022 மே 15ல ரோமாபுரியில அவரைப் புனிதரா அறிவிச்சப்ப எங்க ஊர்ல வெடி வெடிச்சுது, கத்தோலிக்க ஆர்சி, சிஎஸ்ஐன்னு வித்தியாசம் பாக்காம எல்லாரும் போய் நின்னாங்க. அவரு மார்த்தாண்டவர்மா அரண்மனையில வேலை பாத்தவரு. மாடு சாவுது, விளைச்சல் நசிக்குது, மனசு ஒடிஞ்சு இருக்கப்ப 1741ல கொளச்சல் சண்டையில பிடிபட்டு பின்னால ராஜாவுக்கே தளபதியா ஆன டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு யோபு கதையைச் சொல்லிக் கொடுத்தாருன்னு எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும். 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம். கஷ்டம் தீர்ந்துதா? கூடிச்சு. வேலை போச்சு, எருமை மேல உக்கார வச்சு ஊரு ஊரா கொண்டு போனாங்க, 1752ல காத்தாடிமலையில சுட்டுக் கொன்னாங்க. ஜெபம் பண்ணினா கடன் தீரும் கார் வரும்னு மைக்கில சொல்றவங்க நட்டாலம் வழியா போறப்ப கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுக்கிட்டா கொள்ளாம்.

யோபுக்க சிநேகிதமாரைப் பத்தி ஒரு வார்த்தை. மூணு பேரும் வந்து ஏழு நாள் ராத்திரியும் பகலும் அவரு கூட தரையில பேசாம உக்காந்திருந்தாங்க. அதுவரைக்கும் நல்ல சிநேகிதமாருதான். வாயைத் தொறந்துதான் கெட்டுது, நீ என்னமோ பாவம் பண்ணியிருப்பன்னு தொடங்கினாங்க. கடைசியில கர்த்தருக்கு கோவம் மூண்டது யோபு மேல இல்ல, அவங்க மேலதான். எங்க வீட்டுக்கு அந்த நாலு மாசத்துல வந்த ஆளுவள்ல பாதி பேரு ஏழு நாள் கூட பொறுக்கல்ல, வாசல்லயே தொடங்கிட்டாங்க, வம்சத்துல என்ன சாபமோன்னு.

வந்து பேசாம உக்காந்தவங்களும் உண்டு. எங்க சபையில சோறு பொங்க அரிசி அளக்கறப்ப ஒரு கைப்பிடி எடுத்து தனியா ஒரு டப்பாவுல போட்டு வச்சு மாசம் ஒரு தடவை சர்ச்சுல கொண்டு குடுப்போம், பிடியரிசின்னு சொல்றது. பாட்டி காலத்துல இருந்து உள்ள வழக்கம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு பெண்ணுவ ஒரு சாக்கைக் கொண்டு வந்து திண்ணையில வச்சுட்டு, சாயாவும் குடிக்காம, ஒரு வசனமும் சொல்லாம, கொஞ்ச நேரம் எனக்க பக்கத்துல உக்காந்துட்டுப் போனாங்க. அவுத்துப் பாத்தா பிடியரிசி. சம்பா, புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி, எல்லாம் கலந்து, அதை எப்படி வேகவச்சாலும் பாதி வெந்தும் பாதி வேகாமலும்தான் இருக்கும். பத்து வருசமா நானும் அந்த டப்பாவுல போட்டிருக்கேன், அது யாரு வீட்டு அடுப்புல வேகும்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல. ஐயா கேட்டீங்க இல்லியா யாரு வந்து சோறு போடுவான்னு. இப்படித்தான் போட்டாங்க.

2024 ஏப்ரல்ல இருந்து கத்தி எனக்க கையில. மரம் வெட்டறது பாக்க லேசு. மேல இடதுல இருந்து கீழ வலதுக்கு சரிவா, பட்டையை தகடு மாதிரி மெல்லிசா சீவணும், ஆழம் கம்மியானா பால் வராது, ஒரு நூல் கூடினா கத்தி உள்ள தடியில பட்டு மரத்துக்குக் காயம், அந்த இடம் பின்ன முண்டும் முடிச்சுமா வளரும். மொத மாசம் நான் காயப்படுத்தாத மரமே இல்ல. அவரு வாக்கரைப் புடிச்சுக்கிட்டு வந்து ஒரு கல்லுல உக்காந்து, வாய் குழற "மே... மேல"ன்னு சொல்லிச் சொல்லிப் பழக்கினாரு. எனக்க ஜெபம் எல்லாம் இப்ப அங்கதான். முழங்கால் போட நேரம் ஏது, நடந்துக்கிட்டுதான். மொத எண்பது மரம் வரைக்கும் கர்த்தர்கிட்ட சண்டை, செவ்வாய்க்கிழமை குழுக்காரனுக்கு எங்க போக, பிள்ளைக்கு ஃபீஸ் எங்க போக, இவரு கை எப்ப நேராகும்னு. ஓடை தாண்டி அந்தத் தொண்ணூறாவது மரம் வரும், அங்க மட்டும் ஒண்ணும் பேசமாட்டேன். அதுக்கு அங்கோட்டு போகப் போக சண்டைக்கு விசயம் தீர்ந்து போவும், ஏதாவது பாட்டு வரும். விடியறப்ப கெழக்க மலை தெரியும், எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்னு 121ஆம் சங்கீதம், அதைச் சொல்லி கத்தியைத் தொடைச்சு வைப்பேன்.

அந்த வருசம் ஆகஸ்ட்ல ரப்பர் விலை கிலோவுக்கு 240 தாண்டிச்சு. கண்டியா ஜெபத்துக்கு பதில்னு ஒரு சகோதரி சொன்னாங்க. நான் கேட்டேன், அப்ப 2016ல 100க்குக் கீழ போச்சே, அது யாரு ஜெபம் பண்ணாததால? அவங்க என்கூட ரெண்டு வாரம் பேசல்ல.

கடைசியா ஒரு ஆளைப் பத்தி சொல்லணும், இந்தக் கடிதமே அவங்களுக்காகத்தான். எங்க வீட்டுக்கு வாரத்துல ரெண்டு நாள் மீன் கொண்டு வர்ற அக்கா, தூத்தூர் பக்கம் கடக்கரை. 2017 நவம்பர் 29, 30 ஒக்கி புயல்ல மவனைப் பறிகொடுத்தவங்க. புயலுக்கு முன்னமே ஆழ்கடலுக்குப் போன படகு, அறிவிப்பு போய்ச் சேரல்ல. சின்னத்துறை, வள்ளவிளை, தூத்தூர் எல்லா எடத்துலயும் சர்ச் முற்றத்துல பெண்ணுவ ராவும் பகலும் ஜெபமாலையோட உக்காந்திருந்தாங்க, டிவியில நீங்களும் பாத்திருப்பீங்க. அதே பெண்ணுவ, அவங்க பாதிரியாருமாரு கூட, ஆயிரக்கணக்குல நடந்து போய் டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில்வே ஸ்டேஷன்ல தண்டவாளத்துல உக்காந்தாங்க, எங்க ஆளுவளைத் தேடுங்கன்னு. ராத்திரி வரைக்கும் எழும்பல்ல. ஐயா, கையைக் கட்டிக்கிட்டு இருக்கிறதுன்னா இதுவா?

நான் அந்த அக்காகிட்ட ஒரு நாள் கேட்டுட்டேன், கேக்கக்கூடாததுதான், எனக்க மனசு அப்ப அப்படி கெடந்துது. இவ்வளவு ஜெபிச்சும் பிள்ளை வரல்லியே அக்கா, பின்னேயும் எப்படி சர்ச்சுக்குப் போறீங்கன்னு. சாளை மீனை எண்ணிப் போட்டுக்கிட்டே, தலை தூக்காம சொன்னாங்க: "பின்ன நான் யாருக்ககிட்ட போய் கேக்க மோளே? கடலுக்ககிட்டயா? கெவுர்மெண்டுக்ககிட்டயும் கேட்டாச்சு. மாதாவும் மோனைப் பறிகுடுத்தவ இல்லியா, அவகிட்டன்னா ஏசவாவது செய்யலாம்." சொல்லிட்டு ரெண்டு சாளை கூடப் போட்டாங்க, அவருக்கு நல்லதாக்கும், முள்ளு பாத்துக் குடுன்னு.

கடிதம் எழுதின ஐயாவுக்கு இதுல கோவம் வேண்டாம். அவரு சொன்ன மாதிரி சும்மா இருக்கிற ஆளுவளும் உண்டு, நான் 19 நாள் இருந்தேன், எழுதிட்டேன். ஒரு நாள் விடியக்காலம் இந்தப் பக்கம் வந்தா கட்டஞ்சாயா தரேன், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இருக்கும்.

மணி மூணு ஆகுது. மேகம் இல்ல, இன்னைக்கு வெட்டு உண்டு. அவரு எழும்பி உக்காந்து ஹெட்லைட்டை சார்ஜர்ல இருந்து இடது கையால புடுங்கிக்கிட்டு இருக்காரு, ஒயர் வரமாட்டேங்குது, நான் போகணும். ஆசிரியர் ஐயா, எழுத்துப்பிழை எல்லாம் திருத்திக்கிடுங்க, நீளம் கூடுதல்னா டிலனாய், எவரெஸ்ட் எல்லாம் வெட்டிக்கிடுங்க. அந்த மீன்கார அக்கா பேச்சை மட்டும் திருத்தாதீங்க, அப்படியே போடுங்க.

இப்படிக்கு,
ஒரு பால்வெட்டுக்காரி,
குலசேகரம் பக்கம், கன்னியாகுமரி மாவட்டம்.